அக்கா நம்பாத நடிப்பு

அந்தப் படத்தை இன்றைக்கும் யாராவது டிவியில் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்வார்கள். "காது கேட்காதவனா அந்த மனுஷன் எப்படி நடிச்சிருக்காரு பாருங்க! நடிப்புன்னா அதுதாங்க நடிப்பு." நான் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அந்த நடிப்பை ஒரு நொடிகூட நம்பாத ஒருத்தியை எனக்குத் தெரியும். என் அக்கா. அதைச் சொல்ல மற்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் உரிமை இருந்தது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது.

நாங்கள் இலங்கை மலைநாட்டில், றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. காய்ச்சலுக்கு முன்னாலேயே அக்கா நன்றாகப் பேசப் பழகியிருந்ததால் பேச்சு போகவில்லை. முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். சில நேரம் குரல் மட்டும் அளவு தெரியாமல் உயர்ந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் அதட்டிப் பேசுகிற பெண் போலத் தோன்றும், அவ்வளவுதான்.

இரண்டு இடத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு இடத்திலும் அப்பா உள்ளதைச் சொன்னார். இரண்டு பேரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கடுதாசி போடுகிறோம் என்று போனவர்கள்தான். மூன்றாவதாக மாத்தளையிலிருந்து ஒரு வாத்தியாரின் சம்பந்தம் வந்தபோது அக்காவுக்கு இருபத்து நாலு வயது. அப்பா அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு, "இந்தத் தடவை யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கல்யாணம் முடிஞ்சு தெரியட்டும்" என்றார். அன்றையிலிருந்து அம்மாவுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

மாப்பிள்ளையின் போட்டோ வந்தது. அக்கா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். "மீசை பெருசா இருக்கே" என்றாள். அம்மா சிரித்தாள். "ஆம்பளைக்கு மீசை அழகுதானே." அக்கா சிரிக்கவில்லை. மேலுதட்டை முழுக்க மூடுகிற மீசை. அந்த உதட்டை அவளால் படிக்க முடியாது என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா, கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். மாத்தளை மாரியம்மன் கோயிலில் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் கோயில் என்றால் உட்கார்ந்து பேசுவார்கள். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "தியேட்டர்ல பாத்துக்குவோம்" என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. மூன்று மணி நேரம் இருட்டு, யாரும் பேச முடியாது. படம் விட்டதும் பக்கத்து ஹோட்டலில் ஒரு தேத்தண்ணி, அதற்குள் றத்தோட்டைக்குக் கடைசி பஸ். மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் படம் என்றால் உயிராம். உடனே சரி என்று பதில் வந்தது.

பிறகு வீட்டில் ஒத்திகை தொடங்கியது. நான் எப்போதும் அக்காவின் இடது பக்கம் இருக்க வேண்டும். முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு கிள்ளினால், யாரோ உன்னிடம் பேசுகிறார்கள், திரும்பு. இரண்டு கிள்ளினால் சிரி. மூன்று கிள்ளினால் "ஆமாங்க" சொல்லு. அடுப்படியில் அக்காவை வெளியே பார்க்க நிற்கவைத்துவிட்டு, அம்மா பின்னால் சட்டி மூடியைக் கீழே போடுவாள். நான் கிள்ளுவேன். அக்கா திரும்ப வேண்டும். "லேட்டு, லேட்டு" என்பார் அப்பா. "சத்தம் கேட்ட ஒடனே திரும்பணும். இன்னொரு தடவ."

எத்தனையோ தடவை அந்த மூடி விழுந்தது. கடைசியில் அக்கா திரும்பி, மூடியைத் தன் கையால் எடுத்து அடுப்பு மேலே வைத்தாள். "காது கேக்குறவ மாதிரி நான் நடிக்கணும். அவ்வளவுதானேப்பா? நடிக்கிறேன். மூடி நெளிஞ்சு போச்சு, போதும்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது அம்மாவுக்கு இரண்டு தடவை வாந்தி வந்தது. வளைவு ரோடு என்று சொல்லிக்கொண்டாள். மாத்தளைக்கு வந்து, தியேட்டர் இருந்த தெருவுக்குள் திரும்பினோம். அப்பா சட்டென்று நின்றுவிட்டார்.

தியேட்டர் முகப்பில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள். கதாநாயகன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்து அழுகிறான். கீழே பெரிய எழுத்தில், செவிடனாக அவர் நடித்திருக்கும் படம் என்று எழுதியிருந்தது. அப்பா நாளைப் பார்த்தாரே தவிர என்ன படம் ஓடுகிறது என்று கேட்கவே இல்லை.

"நாம திரும்பிப் போயிடுவோம்" என்றாள் அம்மா. "அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுதான் சரின்னு எழுதியிருக்காங்க."

"தியேட்டரைச் சொன்னது நான்தானே" என்றார் அப்பா. ஆனால் அவர் முகம் வெளிறியிருந்தது. அக்கா மட்டும் அந்தப் பெரிய முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போக வழியில்லாமல் போயிற்று. எதிரே மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்துகொண்டிருந்தார்கள்.

வாத்தியார் என்பதால் மாப்பிள்ளையை நாங்கள் மாஸ்டர் என்றுதான் சொல்வோம். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. மீசை போட்டோவில் இருந்ததைவிட அடர்த்தி. அவருடைய அம்மா குள்ளமாக, சுறுசுறுப்பாக, மூச்சுவிடாமல் பேசுகிறவர். கையெடுத்துக் கும்பிட்டபோதே நாலு கேள்வி கேட்டுவிட்டார். நேருக்கு நேர் என்பதால் அக்கா நாலுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

உள்ளே போனதும் அந்த அம்மா அக்காவின் வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். "புள்ள என் பக்கத்துல இருக்கட்டும்" என்றார். மாஸ்டர் அவருக்கு அந்தப் பக்கம். நான் இடது பக்கம். எனக்குப் பின்னால் அம்மாவும் அப்பாவும். விளக்கை அணைத்தார்கள். அக்காவுக்கு இனி உதடு தெரியாது. இருட்டில் அவளுக்கு என் இரண்டு விரல்தான்.

படம் தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே அந்த அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். இருட்டில் பேச மாட்டார்கள் என்று அப்பா போட்ட திட்டம் அங்கேயே உடைந்தது. "பாவம், தச்சு வேலை செய்யுறவன், காது கேக்காது பாரு" என்று அக்காவின் காதோடு சொன்னார். நான் மூன்று கிள்ளினேன். "ஆமாங்க" என்றாள் அக்கா. "இந்தப் பொண்ணு நல்லாப் பாடுவா." மூன்று கிள்ளு. "ஆமாங்க." என் உள்ளங்கை வேர்த்து விரல் வழுக்கியது. படத்தில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அந்த அம்மா எப்போது அக்கா பக்கம் சாய்வார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு இடத்தில் படத்தில் வரும் பெண், அந்தச் செவிடனைக் கட்டிக்கொள்ளப் போவதாகத் தன் வீட்டில் சொல்லுகிறாள். அந்த அம்மா சாய்ந்து, "இந்த மாதிரி ஒருத்தனைத் தெரிஞ்சே யாராச்சும் கட்டிக்குவாங்களா?" என்று கேட்டார். அவர் சாய்ந்ததைப் பார்த்த நான் கேள்வி என்னவென்று யோசிப்பதற்குள் மூன்று கிள்ளு கிள்ளிவிட்டேன்.

"ஆமாங்க" என்றாள் அக்கா. படத்தில் அப்போது சத்தமே இல்லை என்று அவளுக்குத் தெரியாதல்லவா, நல்ல சத்தமாகவே சொன்னாள்.

அந்த அம்மா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு இடைவேளை வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்து வந்த காட்சியைத்தான் எல்லாரும் இன்றைக்கும் சொல்லுவார்கள். மனைவி தண்ணீருக்குப் போயிருக்கிறாள். கைக்குழந்தை தொட்டிலில். அவன் தொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகைக்கு இழைப்புளி போடுகிறான். தொட்டில் கயிறு இழை இழையாக அறுகிறது. படீரென்று அறுந்து குழந்தை கீழே விழுந்து வீறிடுகிறது. அவன் தனக்குள் சிரித்துக்கொண்டு இழைத்துக்கொண்டே இருக்கிறான். அவன் முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டுகிறார்கள். தியேட்டர் முழுக்கத் தேம்பல். அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

அக்கா சிரித்தாள்.

சின்னச் சிரிப்புத்தான். ஆனால் அளவு தெரியாத சிரிப்பு. முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிங்களத்தில் ஏசினார்கள். பின்னால் அம்மா "ஐயோ" என்றது எனக்குக் கேட்டது. நான் அக்காவின் கையை அழுத்திப் பிடித்தேன். அதற்கு ஒத்திகையில் அர்த்தம் எதுவும் வைத்திருக்கவில்லை. அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளிடமிருந்து கொஞ்சம் விலகி உட்கார்ந்தார். குழந்தை விழுந்ததற்குச் சிரிக்கிற பெண் என்று அவர் நினைத்திருப்பார். வேறு எப்படி நினைக்க முடியும்?

படம் விட்டு வெளியே வந்தபோது கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்பா ஹோட்டலே வேண்டாம் என்பது போலப் பஸ் நிலையத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார். மாஸ்டர்தான், "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாமே" என்று கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறவராம். அந்த நடிப்பைப் பற்றிப் பேசாமல் அவரால் இருக்க முடியவில்லை. பால் தேத்தண்ணியும் பணிஸ் ரொட்டியும் வருவதற்குள்ளேயே, இந்தத் தலைமுறையில் இப்படி ஒரு நடிப்பை யாரும் பார்த்ததில்லை என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். நான் அவரைக் கிள்ளாமலே.

பிறகு மாஸ்டர் அக்காவைப் பார்த்து, "நீங்க மட்டும் அந்த எடத்துல ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டார்.

அக்கா அவர் வாயையே பார்த்தாள். மீசைக்குக் கீழே எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். நான் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு, 'நீ ஏன் சிரிச்சேன்னு கேக்குறாரு' என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

"அவருக்குக் காது கேக்குது" என்றாள் அக்கா.

"யாருக்கு?" என்றார் மாஸ்டரின் அம்மா.

"நடிச்சவருக்கு. கயிறு அறுந்தப்போ அவருக்குக் கண்ணிமை அடிச்சிருச்சு. கயிறு அவரு முதுகுக்குப் பின்னாலதானே இருக்கு? சத்தம் கேக்காதவருக்கு எப்படி அடிக்கும்? எல்லாரும் அழுவுறாங்க, அவரு நல்லாக் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. அதான் சிரிப்பு வந்திருச்சு."

மாஸ்டரின் அம்மா பணிஸைத் தட்டில் வைத்தார். அக்காவுக்குத் தேத்தண்ணிச் சூடோ என்னவோ, முகம் சிவந்துபோயிருந்தது. அவள் நிறுத்தவில்லை. படம் பார்த்துவிட்டு அவளிடம் யாரும் அப்படிக் கருத்துக் கேட்டதே இல்லை. எப்போதும் நான் கதை சொல்வேன், அவள் கேட்பாள்.

"அதுமட்டுமில்லைங்க. தரை முழுக்கப் பலகை. தொட்டில் விழுந்தா காலுக்குத் தெரியும். சத்தம் காதுக்கு மட்டுமா வருது? காதால கேக்கக் கூடாதத கேட்டுட்டாரு, காலால கேக்க வேண்டியத விட்டுட்டாரு. அப்புறம் பேசுறவங்க கண்ணையே பாத்துக்கிட்டு இருக்காரு. காது கேக்காதவங்க கண்ணப் பாக்க மாட்டாங்க, வாயத்தான் பாப்பாங்க. நானா இருந்தா அந்தப் புள்ள விழுந்த ஒடனே திரும்பியிருப்பேன்."

அப்பா எழுந்துவிட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். கோப்பை சாய்ந்து தேத்தண்ணி அம்மாவின் சேலையில் ஊற்றியது. அம்மா அதைத் துடைக்கக்கூட இல்லை.

மாஸ்டர் 'நானா இருந்தா என்றால்?' என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். பயத்தில் நான் கோப்பையைத் தூக்கவில்லை. அவள் ஒரு நொடி காத்திருந்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர், நீங்க சொல்லுறது எனக்கு வெளங்கல. உங்க மீசை மறைக்குது. எனக்கு ஒம்பது வயசுலேருந்து காது கேக்காதுங்க."

மாஸ்டரின் அம்மா முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை. "அப்போ உள்ளுக்கு அத்தனை தடவை ஆமாங்கன்னு சொன்னது?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்களைத் திட்டவில்லை. வாசலில் நின்று அப்பாவிடம், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ங்க" என்று மட்டும் சொன்னார்.

பஸ் மேலே ஏறும்போது இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் அப்பா அவளை அடிப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அப்பா அவளை அடித்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு எதுவும் நடக்கும் போல இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

கடுதாசி வராது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் தபால் பை வந்ததா என்று அம்மா கேட்பாள். மூன்றாவது வாரம் அப்பா பெயருக்கு ஒரு கடுதாசி வந்தது. அப்பா அதைத் திறக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபிறகுதான் திறந்தார். படித்து முடித்து என்னிடம் நீட்டினார். சத்தமாகப் படித்தேன்.

மாஸ்டர் எழுதியிருந்தார். அந்தப் படத்தை இன்னும் இரண்டு தடவை போய்ப் பார்த்தாராம். கயிறு அறும்போது கண்ணிமை அடிக்கிறது, உண்மை. பலகைத் தரை விஷயமும் சரி. ஆனால் வாயைப் பார்க்கவே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது, இரண்டு இடத்தில் பார்க்கிறார், இதை உங்கள் மூத்த மகளிடம் சொல்லவும் என்று எழுதியிருந்தார். கீழே, அம்மாவுக்கு இன்னும் மனது ஆறவில்லை, எனக்குச் சம்மதம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி.

அம்மா அழுதாள். நான் கடுதாசியை அக்காவிடம் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள். "எந்த ரெண்டு எடம்னு எழுதலையே" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த எட்டு மாதத்தைப் போல நீளமான காலத்தை நான் பார்த்ததில்லை. மாஸ்டரின் அம்மா முடியாது என்றார். அவர் சொன்ன காரணம் மாத்தளைக் கடைக்காரர் ஒருவர் வழியாக எங்களுக்கு வந்தது. "நாளைக்கு ஒரு புள்ளை பொறந்து தொட்டில்ல அழுதா யாரு கேக்கிறது?" அப்பா இதை வீட்டில் சொன்னபோது அக்கா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அன்றைக்கு முதல்தடவையாக அவள் பயந்ததை நான் பார்த்தேன். அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்திருக்க வேண்டும். நடுவில் மாஸ்டரிடமிருந்து இரண்டு கடுதாசி வந்தது. பிறகு இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. முடிந்துபோயிற்று என்று நாங்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் நினைத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி, தோட்டத்து ரோட்டில் ஏறி, முழுக்க நனைந்து மாஸ்டரின் அம்மா தனியாக வந்து நின்றார். நாங்கள் எல்லாரும் பதறிப்போனோம். அம்மா தலை துவட்டத் துவாய் எடுக்க ஓடினாள். அவர் துவாயை வாங்காமல் நேரே அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் வாயை அகலத் திறந்து கேட்டார்.

"தியேட்டர்ல ஒண்ணு கேட்டேன். அந்த மாதிரி ஒருத்தனைத் தெரிஞ்சே யாராச்சும் கட்டிக்குவாங்களான்னு. நீ ஆமான்னு சொன்ன. தெரிஞ்சா சொன்ன?"

"இல்லைங்க" என்றாள் அக்கா. "இவ கிள்ளுனா. நான் சொன்னேன்."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். இவ்வளவுதான், வந்த காரியம் கெட்டது என்று நினைத்தேன். நான் கிள்ளியதைச் சொல்லாமல் ஏதாவது நல்ல பொய்யாக அக்கா ஒன்று சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது.

"சரி" என்றார் அவர். "இப்ப தெரிஞ்சு கேக்குறேன். என்னோட இருக்க உனக்குக் கஷ்டமா இருக்குமா?"

"மெதுவாப் பேசுனீங்கன்னா இருக்காதுங்க."

"நான் பொறந்ததுலேருந்து மெதுவாப் பேசுனதே இல்லையே புள்ள" என்றார் அவர். அப்புறம்தான் துவாயை வாங்கித் தலையைத் துடைத்தார். "பழகிக்கலாம்."

அம்மா சத்தமாகச் சிரித்தாள், அழுதாள், தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனாள். அப்பாவைக் காணவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால், பாக்கு மரத்துக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றிருந்தார். உள்ளே வாங்கப்பா என்றேன்.

"அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார். "அந்த அம்மாகிட்ட இல்ல. அக்காகிட்ட. புள்ளய நடிக்கச் சொன்னது நான்தானே."

எனக்கு அப்போது பதினைந்து வயது. குடையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அக்காவுக்கு நேரே போய் நின்று என்னமோ சொன்னார். முதுகு மட்டும் தெரிந்ததால் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அக்கா தலையை ஆட்டினாள். அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது.